யார் போட்ட மேடு?

"இந்த மேட்டைப் போட்டவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்றான் ஒச்சிர், காருக்கு அடியிலிருந்து.

"எந்த ஸ்பேனர் வேணும்? அதைச் சொல்லு முதல்ல" என்றாள் அவன் மனைவி நாரா.

"பத்தொன்பது. பாரு, முன்பக்க ஷாக் அப்சார்பர் ரெண்டும் எண்ணெய் கக்கிக் கிடக்கு. எல்லாம் அந்த மேடு பண்ணின வேலை."

ஜப்பானில் ஓடித் தேய்ந்து, தலைநகர் ஊலான்பாத்தருக்கு வந்து இன்னும் தேய்ந்த கார் அது. குடும்பத்துக்கு வயிற்றுப்பாடே அந்த வாடகைக் கார்தான். மறுநாள் காலையில் தர்ஹான் நகரத்துக்குச் சவாரி ஒத்துக்கொண்டிருந்தான். மெக்கானிக்கை நம்பினால் இன்றைக்கு முடியாது. அதனால் பழைய சாமான் சந்தையில் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஒரு ஜோடியை வாங்கிவந்து, தன் பலகை வேலிக்குள்ளேயே காரை ஜாக்கியில் ஏற்றிவிட்டான்.

மேடு இருந்தது வெளியே, சரிவில் இறங்குகிற சந்தில், தண்ணீர்க் கடைக்கு முன்னால். போன குளிர்காலத்தில் முளைத்தது. அடுப்புச் சாம்பல், கல், மண் எல்லாம் கலந்து இறுகிப்போன மேடு. ஒச்சிர் ஒருமுறை வெட்டிச் சமமாக்கிப் பார்த்தான். சில நாளிலேயே பழையபடி வளர்ந்து நின்றது.

"எல்லாம் அந்த லுந்தெக் அண்ணன்தான். எதிர்வீட்டுக்காரன் கார் வெச்சிருக்கானேன்னு வயித்தெரிச்சல்."

"அவர் போட்டதை நீ பார்த்தியா?"

"பார்க்கணுமா என்ன? மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு. சரி, அந்தச் சக்கர ஹப்பைத் தூக்கிப் பிடி. இன்னும் கொஞ்சம். ஓட்டை நேரா வரணும்."

நாரா இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். புது போல்ட் பாதி நுழைந்து நின்றது.

"மண்ணைக் கிளறினாலே பூமிக்குக் கோபம் வரும். அதுகூடத் தெரியாத ஜென்மம். அவன் கை வெளங்காமப் போக."

"கை மேல எல்லாம் சாபம் விடாதே. போட்டவங்களுக்கு என்ன கஷ்டமோ."

"கஷ்டம் எனக்குத்தான். நீ யார் பக்கம்?"

"இப்போதைக்கு போல்ட் பக்கம். சீக்கிரம் மாட்டு, கை வலிக்குது."

இரண்டு பக்கமும் மாட்டி முடிக்கையில் வெயில் சாய்ந்துவிட்டது. சந்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். கடகடப்பு போயே போய்விட்டது. திரும்பி வந்து, நாரா கொடுத்த உப்புப் பால் டீயை ரசித்துக் குடித்தான். குடித்த கையோடு மண்வெட்டியை எடுத்தான்.

"எங்கே?"

"புது ஷாக்கையும் அதுக்குப் பலி குடுக்கச் சொல்றியா? இன்னைக்கு அடியோட வெட்டி எறியறேன். அண்ணன் வாயைத் திறக்கட்டும், பேசிக்கிறேன்."

நாராவும் பின்னாலேயே போனாள்.

தண்ணீர்க் கடையில் லுந்தெக் கேனை நிரப்பிக்கொண்டிருந்தார். ஒச்சிர் நேராகவே கேட்டுவிட்டான்.

"அண்ணே, இது நீங்கதானே போட்டீங்க?"

லுந்தெக் அவனைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் நின்ற நாராவையும் ஒருதரம் பார்த்தார்.

"நிமிர்ந்தா முதுகு பிடிச்சுக்குது தம்பி. இந்தக் கேனை வண்டியில தூக்கி வைக்கவே ஆள் தேடறேன். நான் எங்கே மேடு போடறது?" என்றார். கடைக்காரனைக் கூப்பிட்டுக் கேனை ஏற்றிக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி போய்விட்டார்.

"நழுவறாரு பார்த்தியா" என்று ஒச்சிர் மேட்டில் முதல் வெட்டு வெட்டினான்.

நாரா அந்த மண்ணைக் காலாலேயே பழைய இடத்துக்குத் தள்ளினாள்.

"நீ வெட்டு. நான் மறுபடியும் போடுவேன். போன தடவையும் நான்தான் போட்டேன்."

ஒச்சிருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

"நீயா? நம்ம காருதானேடி நாசமாப் போச்சு."

"ஷாக் போனா மாத்திக்கலாம். அதான் இன்னைக்கு மாத்தினோமே."

"இந்தச் சந்துல வேற யாரும் கார் ஓட்டலையா? எனக்குன்னே போட்டியா?"

"உனக்குன்னேதான் போட்டேன். போன குளிர்ல ஒரு சாயங்காலம், இதே இடத்துல, தண்ணி வண்டி தள்ளிட்டு வந்த ஒருத்தி வேகமா வந்த உன் காருக்கு ஒதுங்கப் போய் விழுந்தா. ஞாபகம் இருக்கா?"

ஒச்சிர் யோசித்தான். "ஆமா. கண்ணு அவிஞ்சு போச்சான்னு திட்டிட்டு வந்தேன். ஒரே அடுப்புக் கரிப்புகை. அவ மூஞ்சியில மாஸ்க்கு, தலையில துணி. யாருன்னு கண்டேன்? அவளுக்கு ஒண்ணும் ஆகலையே."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ காரை விட்டு இறங்கவே இல்லையே."

ஒச்சிர் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அவ உன்கிட்ட வந்து சண்டை போட்டாளா?"

"இல்ல. சொன்னா நீ ரெண்டு நாள் மெதுவா ஓட்டுவே, அப்புறம் மறந்துடுவேன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். வீட்டுக்குப் போய், ஐஸ்ல வழுக்கிட்டேன்னு புருஷன்கிட்ட பொய் சொல்லிட்டா."

நாரா குனிந்து மிச்ச மண்ணையும் கையால் அள்ளி மேட்டில் போட்டு மிதித்தாள்.

"அந்தப் புருஷனும் நல்லவன்தான். அன்னைக்கு ராத்திரி தூங்காம உக்காந்து, என் முட்டிக்குத் தைலம் தேய்ச்சு விட்டான்."