பதினெட்டு வயசுப் பயல்

சீசன் தொடங்குமுன் நடக்கும் கால்பந்து அணியின் பயிற்சியைப் பார்க்க ரசிகர்கள் கம்பிவேலியோரம் முண்டியடித்து நின்றார்கள்.

"முப்பது தாண்டினவன எல்லாம் கழிச்சு விடணும்லே. புதுசா எடுத்திருக்க அந்தப் பதினெட்டு வயசுப் பயல் ஒருத்தன் போதும்," என்றான் சகாயம், பக்கத்தில் நின்ற ஜெர்சனிடம்.

தலையாட்டிக்கொண்டே மைதானத்தைப் பார்த்த ஜெர்சன், பந்தோடு திரும்பிய அந்தப் பயலின் முகத்தைக் கண்டதும் கம்பியோடு முகத்தை ஒட்டி உற்றுப் பார்த்தான். பத்தாம் வகுப்புவரை தன்னோடு ஒரே பெஞ்சில் இருந்த சுபின். ஜெர்சனின் மூத்த மகளே இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

பயிற்சி முடிந்து ஒவ்வொருவருக்காய்க் கைகொடுத்து வந்த சுபின், ஜெர்சன் முன்னால் வந்ததும் ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டினான்.

"எனக்காக வேண்டிக்கிடுங்கண்ணே," என்றான்.