மூன்றாம் நம்பர் பல்

"அழாதே, டெலனி. பல் டாக்டர் ஆகப்போறவளுக்குக் கைதான் சொத்து. அது கண்ணைத் துடைக்கிறதுக்கா?" என்றார் டாக்டர் ஹாகன்.

கருவிகள் கழுவும் அறையில், டிஷ்யூவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு டெலனி தேம்பினாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், நாற்காலியில் வர்சாமே உட்கார்ந்திருந்தார். ஊர்க்கோடி வான்கோழி ஆலையில் இறைச்சி வெட்டுகிறவர். சோமாலியைத் தவிர வேறு பாஷை தெரியாது.

சனிக்கிழமை அவருக்குப் பல் பிடுங்கியது வலப்பக்கம். இன்று அவர் கையால் தாங்கிக்கொண்டிருந்தது இடது கன்னத்தை. வலிக்கிற பல் வாயிலேயே இருக்க, நல்ல பல் போயிருந்தது.

சனிக்கிழமை சர்ச் ஹாலில் இலவச முகாம். நாலு நாற்காலிக்கும் ஹாகன் ஒருவர்தான். டெலனி கல்லூரி மாணவி. பல் மருத்துவம் படிக்க இடம் கேட்பதற்கு முன்னால் ஒரு டாக்டர் பின்னாலேயே நின்று வேலையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதால், கோடை முழுக்க அவரிடம் வந்துகொண்டிருந்தாள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து எடுக்க வேண்டிய பல்லின் நம்பரைச் சொல்வது அவள் செய்யக்கூடாத வேலை. வாசல்வரை நின்ற கூட்டத்தைப் பார்த்து ஹாகன்தான் அதை அவளிடம் விட்டார்.

"மூணு, டாக்டர்," என்று குரல் கொடுத்தாள்.

மேல்வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல் மூணு. இடப்பக்கம் அதன் ஜோடி பதினாலு. கறை பிடித்த வாயில், வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

ஊசியை எடுத்தபோது வர்சாமே கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். "பாவம், பயப்படுறார்," என்று டெலனி அந்தக் கையை இதமாகப் பிடித்து அமுக்கிக்கொண்டாள்.

"படத்தைத் திருப்பிப் பிடிச்சுட்டேன், டாக்டர்," என்றாள் இப்போது. "இடது வலதாத் தெரிஞ்சுது. என் புத்தியைச் செருப்பாலதான் அடிக்கணும்."

"எல்லாரும் செய்யிற தப்புதான். படிக்கிற காலத்துல நானே செஞ்சிருக்கேன்." அது பொய். கோடை முழுக்க ஒரு நம்பர்கூடத் தவறாத பெண் இப்படி உடைந்து நிற்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"இது வெளியில தெரிஞ்சா எந்தக் காலேஜும் என்னை வாசல்ல சேர்க்காது. ஏற்கெனவே மெழுகு வேலை வேற வரலை."

மெழுகு வேலைதான் அவளுடைய தீராத தலைவலி. நேர்காணலில் ஒரு மெழுகுக் கட்டியைக் கொடுத்து, கடைவாய்ப் பல்லைப் பார்க்காமல் செதுக்கச் சொல்வார்கள். அவள் செதுக்குவது உருளைக்கிழங்கு மாதிரி வரும். கையில் வைத்து உருட்டிப் பார்த்துப் பழக ஹாகன் ஒரு பாட்டில் நிறையப் பிடுங்கிய பற்களைத் தந்திருந்தார். எல்லாமே அரித்துக் குழி விழுந்தவை. "முழுசா ஒண்ணு இல்லையா, டாக்டர்?" என்று அவள் சலித்துக்கொண்டபோது, "முழுசா இருந்தா யாரு பிடுங்குவா?" என்று சிரித்திருந்தார்.

"நீ எதுவும் சொல்லலை. நம்பரைப் பார்த்தது நான், பிடுங்கினது நான்," என்றார் ஹாகன். "உன் பேரு எங்கேயும் வராது. முகத்தைக் கழுவிட்டு வா."

அன்றே பதினாலையும் எடுக்க வேண்டியதாயிற்று. இனி வர்சாமேவுக்கு எந்தப் பக்கமும் சரியாக மெல்ல முடியாது. வெளியே போகும்போது அவர் டெலனியின் சிவந்த கண்களைப் பார்த்தார். தனக்காக அழுத பெண் என்று நினைத்தாரோ என்னவோ, அவள் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

விஷயம் உரிமம் வழங்கும் குழுவரை போயிற்று. ஹாகன் அவர்கள் முன்னால் நின்று, "முழுக்க என் கவனக்குறைவு," என்றார். ஆறு மாதத்துக்கு உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். இத்தனை வருடப் பேர் ஒரே வாரத்தில் நாறிப்போனது. பாதிப்பேர் இனித் திரும்பி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டே பக்கத்து ஊர் டாக்டரிடம் போனார்கள். மளிகைக் கடையில் எதிர்ப்படுகிறவர்கள் பார்க்காததுபோல நகர்ந்தார்கள். ஒரு பெண்ணின் படிப்பாவது பிழைத்ததே என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

டிசம்பரில், பனியைத் தட்டி உதறிக்கொண்டு டெலனி அவர் வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இடம் கிடைச்சிருச்சு, டாக்டர். மெழுகுல நான்தான் முதல். இது உங்களுக்கு."

சின்னப் பெட்டிக்குள் பஞ்சின்மேல் ஒரு மெழுகுப் பல் இருந்தது. ஹாகன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேடு, பள்ளம், வேர், எல்லாம் அச்சு அசல். ஒரு குறை இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிரமாதம். எதைப் பார்த்துப் பழகினே?"

"அந்த மூணாம் நம்பர்தான். முகாம் முடிஞ்சப்போ, குப்பையில போடாம எனக்குக் கொடுங்கன்னு கேட்டேனே."

ஹாகன் தலையை ஆட்டினார். பிறகு, கேலியாகவே கேட்டார்: "ஒரு நம்பர் தவற மாட்டியே, அன்னைக்கு மட்டும் எப்படிம்மா பதினாலை விட்டுட்டு மூணைச் சொன்னே?"

டெலனி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கார் சாவியை எடுத்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது.

"பதினாலு சொத்தையாச்சே, டாக்டர்."