நாலாம் நம்பர் ஆள்

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நான்கு மாடியும் படியேறி வந்த மேலாளருக்கு, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. செயற்கை இடுப்பு மூட்டின் தண்டில் இன்றைக்கும் அதே இடத்தில் சிவப்பு. அழுத்தம் தாங்காமல் அங்கே விரிசல் விடும் என்று அர்த்தம்.

"மூணு வாரமா இதே கூத்தா இருக்கு. மத்தவங்க நடைக்கெல்லாம் தாங்குதுல்ல?"

"தாங்குது சார். பதிவு பண்ணினதுல நாலாம் நம்பர் ஆளோட நடையைக் கம்ப்யூட்டர்ல கொடுத்தாத்தான் இப்படி" என்றாள் இன்ஜினியர் பெண்.

"அப்படி என்ன பண்றாராம் அந்தப் பெரிய மனுஷன்?"

"ரெண்டு ரெண்டு படியா தாவுறார். ஒருநாள் பஸ் பின்னால ஓடியிருக்கார். எடையும் நூறு கிலோவுக்கு மேல."

"இடுப்பு மாத்தினவன் செய்யற வேலையா இது? மறை கழண்ட கேஸ். அந்த ஆளை லிஸ்ட்லேர்ந்து தூக்கிட்டு ரிப்போர்ட்டை அனுப்பு."

"யாருன்னு கேட்கவே இல்லையே சார்."

"எவனா இருந்தா எனக்கென்ன?"

"இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு நீங்க வேலைக்குத் திரும்பினப்போ, நடையைப் பதிவு பண்ண பெல்ட்ல ஒரு சென்சார் மாட்டிவிட்டேனே. ஒரு வாரம் போட்டிருந்தீங்க."

மேலாளரின் கை தானாக இடது இடுப்புக்குப் போனது. உள்ளே இருப்பதும் இதே கம்பெனித் தண்டுதான்.

"ரிப்போர்ட் இப்போ போக வேண்டாம்" என்றார். அடிமேல் அடி வைத்து வாசல் வரை போனவர், நின்று திரும்பினார்.

"லிஃப்ட் வேலை செய்யுதாம்மா?"