நோயாளியின் தட்டு

மகள் உறையைப் பரபரவென்று கிழித்தாள். தன் பட்டம் வந்த உறையைக்கூட அவள் இவ்வளவு அவசரமாகப் பிரித்ததில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பெஞ்சில் அப்பாவும் அம்மாவும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கெட்ட கொழுப்பு இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் இதயத்துக்குப் போகிற குழாயில் கைவைக்க வேண்டியிருக்கும். மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம் என்று மருத்துவர் தவணை கொடுத்திருந்தார்.

மகள்தான் பேலியோவைப் பிடித்தாள். கற்கால மனிதன் தின்றதைத் தின்ன வேண்டும். மீன், முட்டை, கீரை, பழம், கொட்டை. சோறு, ரொட்டி, பால், சர்க்கரை எதுவும் கூடாது.

மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். பெயர் என்னவோ வைத்துக்கொள்ளுங்கள், மாவும் சர்க்கரையும் வறுவலும் குறைந்தால் சரி என்றார். அன்று முதல் அப்பா வீட்டின் நோயாளி ஆனார்.

டயர் பட்டறையில் அவருக்குக் குகைக்காரர் என்று பெயர் விழுந்தது.

அம்மா கண்ணும் கருத்துமாகச் சமைத்தாள். அப்பாவோ தட்டைக் கண்டதுமே வேப்பங்காயைக் கடித்தவர் மாதிரி மூஞ்சியைக் கோணுவார். பாதி தின்பார். மீதியைத் தள்ளிவிடுவார்.

“கல்லை உரசித் தீ மூட்டுனவன்கூட இதைத் தின்னிருக்க மாட்டான்டி.”

“நெஞ்சுல கொழுப்பு, வாயில அதைவிடக் கொழுப்பு!”

திட்டிக்கொண்டே அம்மா அந்த மீதியைத் தான் தின்பாள். மீன் விற்கிற விலைக்குக் கொட்டவா முடியும்? தனக்கென்று தனியாக உலை வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்தே மீந்ததுதான் அவள் சாப்பாடு. முன்பெல்லாம் மகள் கத்திப் பார்த்தாள். ஒருநாள் தட்டைத் தூக்கி எறிந்தும் பார்த்தாள். படித்த திமிர் என்று சொன்னது வேறு யாருமில்லை, அம்மாதான்.

பட்டறைப் பக்கத்து டீக்கடையில் அப்பா இரண்டு பன்னை அமுக்கியதை மகள் கண்ணாலேயே கண்டாள். கண்டும் காணாததுபோல் வந்துவிட்டாள்.

இன்று காலை ஊசியைப் பார்த்ததும் அவர் சண்டித்தனம் பண்ணினார். அம்மா முதலில் குத்திக்கொண்டால்தான் தானும் கையை நீட்டுவாராம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு முதலில் கையை நீட்டினாள்.

மகள் பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்துப் பிடித்தாள்.

நூற்று அறுபத்தெட்டு. நூற்று இருபத்தொன்பது.

அவள் போட்ட கூச்சலில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அப்பாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவர் கன்னத்தைக் கிள்ளினாள். இத்தனை பேர் முன்னால் அவள் அவரைத் தொட்டுச் சிரித்து மகள் பார்த்ததேயில்லை.

“நான் ஆக்கிப் போட்டது வீண் போகலை பாரு! தாளைக் குடுடி, நானும் படிக்கிறேன்.”

அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பாள். மகள் தாளின் மேல்வரியில் கட்டைவிரலை அழுத்திவைத்துக்கொண்டு எண்ணை மட்டும் காட்டினாள்.

விரலுக்கு அடியில் இருந்தது அம்மாவின் பெயர்.

மூன்று மாதத்துக்கு முன் மருத்துவர் சொன்னதெல்லாம் அம்மாவிடம்தான். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வரும் வழியில் நல்ல மீனாகப் பார்த்து வாங்கினாள். பொரிக்காமல் குழம்பாக்கி, முழுவதையும் அப்பா தட்டில் வைத்தாள். முந்தின நாள் ரொட்டியை எடுத்துக்கொண்டு தான் அடுப்படியில் உட்கார்ந்தாள்.

எனக்கென்ன, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன் என்றாள்.

மகள் அன்று கத்தவில்லை. தாளை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா அதைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார். மீன் என்றால் அவருக்கு உயிர். பாதியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, தனக்கும் நெஞ்சு சரியில்லை என்று படுத்துக்கொண்டார். அவருக்கும் அதே கொழுப்புதான் என்று மகள் அம்மாவிடம் சொல்லிவைத்தாள்.

“அப்ப இன்னைக்கு இந்த மனுசனுக்கு ஒரு பிடி சோறு போடலாமாடி?” கூடத்தின் பெஞ்சிலிருந்து எழுந்துகொண்டே அம்மா கேட்டாள்.

இன்னும் மூன்று மாதம் இதே சாப்பாடுதான் என்று மகள் அடித்துச் சொன்னாள்.

அப்பா முனகினார். இத்தனை நாளில் அவர் நடிக்காமல் முனகியது அது ஒன்றுதான்.