தும்மக் கூடாது

“தடுமன் பிடிச்சிருக்குண்ணே. தும்மல் நிக்கணும், மூக்கு ஒழுகக் கூடாது. அப்படி ஒரு மாத்திரை குடுங்க” என்றாள் பானுப்பிரியா.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடைக்காரர் அவள் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம் ஒட்டியிருந்தது.

“ஆவி பிடிச்சீகளா?”

“பிடிச்சேன். சுக்குக் கசாயம் குடிச்சேன், தைலம் தேச்சேன். ஒண்ணுக்கும் கேக்கல. நேத்து வாசல்லயே தும்மிட்டேன். உள்ள விட மாட்டேன்னுட்டாக.”

“ஒரு மாத்திரை இருக்கு, சட்டுனு கேக்கும். ஆனா தூக்கம் வரும். கம்பெனி ஆளுகளுக்கு நான் அதைக் குடுக்கிறதில்ல. மருந்து ரூம்ல கண்ணு அசந்தா அம்புட்டுத்தேன்.”

“அங்கன எனக்குச் சும்மா உக்காந்திருக்கிற வேலைதேண்ணே. குடுங்க.”

கடையிலேயே தண்ணீர் வாங்கி விழுங்கினாள். பஸ்ஸில் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. தும்மல் ஒன்றுகூட வரவில்லை. இன்றைக்காவது அன்பரசனைப் பார்த்துவிடலாம்.

பெரியாஸ்பத்திரியின் தீக்காய வார்டை நெருங்கியபோது மூக்கு குறுகுறுத்தது. முந்தானையால் பொத்தியும் அடக்க முடியாமல் தும்மிவிட்டாள்.

“மாத்திரை போட்டுட்டேன் சிஸ்டர். தூரமா நின்னு எம் புருசன் முகத்தை ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன்” என்று கெஞ்சினாள்.

‘சளி தொத்துனா அவர் தாங்க மாட்டாரும்மா’ என்று நேற்று அவளைத் தடுத்த அதே நர்ஸ், இன்று கதவை அகலத் திறந்துவிட்டார்.

“கிட்டப் போயே பாருங்கம்மா. இனிமே அவருக்கு எதுவும் தொத்தாது.”