மிதக்கும் பிரிட்ஜ்

"பிரிட்ஜ் மறுபடியும் தூக்கிக்கிச்சா?" என்று கேட்டபடி, கடையில் பழுதுபார்க்கும் அவள் கிட்டாரை வாங்கி, மேசைத் துணிமேல் பக்கவாட்டில் நிறுத்தினாள்.

"ஆமாங்க. ஏன்னே தெரியல," என்றான் அவன்.

பொய். காலையில் அவனே பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் திருகுகளை இரண்டிரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் வந்திருந்தான்.

அந்தக் கிட்டாரின் பிரிட்ஜ், அதாவது தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் கட்டை, பலகையில் ஒட்டாமல் மிதப்பது. தந்திகள் ஒரு பக்கம் இழுக்க, ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்க, தராசு முள் மாதிரி நடுவில் நிற்கும். ஒரு தந்தியின் சுருதியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும். அவற்றை ஏற்றினால் முதல் தந்தி இறங்கும். சுற்றிச் சுற்றிச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருக்கத்தான், நான்கு மாதமாக அவன் நல்ல கிட்டாரைக் கெடுத்துக்கொண்டிருந்தான். வேறு விதமாகப் பேச அவனுக்கு வாய் வரவில்லை.

அவள் சுற்றுகளை எண்ணியபடி திருகுகளை மாற்றி மாற்றி முறுக்கினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு." பிரிட்ஜ் மெல்ல மட்டத்துக்கு இறங்கியது.

மூணா? அவன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க அணுக்களை எண்ணுகிறவன். எண்ணிக்கையில் பிசகமாட்டான். காலையில் அவசரத்தில் ஒரு சுற்று கூடிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டான்.

"விரல் வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"இந்த மாசம் ரொம்ப. தந்தி உயரமா இருந்த மாதிரி இருந்துச்சு. எனக்குத்தான் பழக்கம் போதல போல."

அவள் குனிந்து ஒரு தந்தியைச் சுருதி சேர்க்கத் தொடங்கினாள்.

கல்லாவிலிருந்து அவளுடைய அண்ணன் எட்டிப் பார்த்தார். கடை அவருடையது.

"என்ன தம்பி, முறைக்காய்ச்சல் மாதிரி மாசம் தவறாம வந்துடறீங்க?" என்றவர், தங்கையிடம் திரும்பினார். "நாய் வாலை எத்தனை நாளைக்கு நிமிர்த்துவே? உள்ள ஒரு மரக்கட்டையை வச்சு இறுக்கிடு. ஆயுசுக்கும் அசையாது. அவரும் அலைய வேண்டாம்."

"அப்புறம் பிரிட்ஜ் மிதக்காதே அண்ணா."

"மிதந்து என்ன, கப்பலா ஓட்டப்போறாரு? கட்டையை வை."

வாசலில் யாரோ கூப்பிட, அவர் போய்விட்டார். அவள் ஒரு மரத்துண்டை எடுத்து அளந்து, பென்சிலால் கோடு போட்டாள். ரம்பம் மரத்தில் இறங்கத் தொடங்கியது. அந்தக் கட்டை உள்ளே போய்விட்டால், இந்தப் படி ஏற அவனுக்கு வேறு சாக்கு கிடையாது.

"கட்டை வேண்டாங்க," என்றான். "கிட்டார்ல பழுதே இல்ல. மாசாமாசம் நான்தான்... திருகைத் தளர்த்திட்டு வரேன்."

ரம்பம் நின்றது. அவள் நிமிரவில்லை.

"எத்தனை சுத்து?"

"ரெண்டே ரெண்டுதான். நீங்க மூணு எண்ணினதும் எனக்கே குழப்பமாயிடுச்சு."

"உங்க கணக்கு சரிதான்."

மரத்துண்டை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். பிறகு மேசைத் துணியின் சுருக்கத்தை நீவியபடி சொன்னாள்:

"மூணாவது, போன மாசம் நான் முறுக்காம விட்டது. விரல் வலிச்சா சீக்கிரம் வருவீங்கன்னு."