பதினெட்டாவது நிமிஷம்

ஐம்பத்தெட்டு வயது வரை ஒரு மெமோகூட வாங்காத ஸ்டோர்ஸ் கிளார்க் சண்முகசுந்தரம், ரிட்டையராக எட்டு நாள் இருக்கும்போது கம்பெனிச் சங்கின் கழுத்தை நெரிப்பது என்று முடிவு செய்தார்.

காரணம், ஒரு பாட்டு.

நெய்வேலியில் 'லிக்னைட்ஸ்' ராக் குழுவை அறியாதவர் கிடையாது. இருபத்தொரு வருஷமாக அதே மூன்று பேர். சண்முகசுந்தரம் பாட்டு, எலெக்ட்ரீஷியன் பன்னீர்செல்வம் டிரம்ஸ், பட்டறையில் லேத் ஓட்டும் குழந்தைவேல் கிதார். பொங்கல் விழா, யூனியன் ஆண்டு விழா என்று மேடை மேடையாக அடுத்தவர் பாட்டையே வாசித்து மூவருக்கும் தலை நரைத்துவிட்டது. சொந்தமாகப் பத்துப் பாட்டு போட்டு ஒரு கேசட் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சண்முகசுந்தரத்துக்கு வெறி. ரிட்டையரானால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். அப்புறம் ஏது லிக்னைட்ஸ்?

குவார்ட்டர்ஸின் பின்னறை ஜன்னலுக்குக் கோணிப்பை அடித்து, பாண்டிச்சேரியில் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, ஒன்பது பாட்டைப் பதிவு செய்துவிட்டார்கள். பத்தாவதுதான் வம்பு. இருபத்திரண்டு நிமிஷப் பாட்டு. அதில் ஒரு விநாடியைக் குறைக்கச் சொன்னாலும் சண்முகசுந்தரம் சோற்றில் கை வைக்க மாட்டார்.

மூவருக்கும் வார லீவு வேறு வேறு கிழமை. சாயந்திரமானால் பன்னீர்செல்வத்துக்கு ஓவர்டைம். சேர்ந்து கிடைப்பது மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒன்றுதான். பன்னிரண்டுக்குச் சங்கு ஊதினால் சாப்பாடு, பன்னிரண்டரைக்கு ஊதினால் மறுபடி வேலை. சைக்கிள் மிதித்து வந்து, வயரை மாட்டி, பன்னிரண்டு பன்னிரண்டுக்கு ஆரம்பித்தால் பாட்டின் பதினெட்டாவது நிமிஷத்தில் சங்கு வந்துவிடும். அந்த நிமிஷத்தில்தான் டிரம்ஸும் கிதாரும் அடங்கி, சுரங்கத்தின் அடியில் நிற்கும் ஒருவன் தன் மனைவியின் பெயரை மெதுவாகச் சொல்கிறான். மூன்று தடவை பதிவு செய்தார்கள். மூன்று தடவையும் அவன் வாயைத் திறந்ததும் சங்கு ஊதியது.

"எனக்கு அந்தச் சங்கு வார எடந்தான் புடிச்சிருக்கு" என்றாள் அவர் மனைவி இசக்கியம்மாள். அன்றைக்கு அவர் நிஜமாகவே சாப்பிடவில்லை.

பன்னிரண்டரைச் சங்கைப் பத்து நிமிஷம் தள்ளி ஊதும்படி முறைப்படி மனு கொடுத்தார். உற்பத்தி பாதிக்கும் என்று டைப் அடித்துப் பதில் வந்தது.

டேப் ரெக்கார்டரை வியாழக்கிழமை சாயந்திரம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதனால் வியாழன் மத்தியானத்துக்குத் திட்டம் தயாரானது. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி முடித்ததும் பன்னீர்செல்வம் அதன் ஃபியூஸை உருவிவிட வேண்டும். பன்னிரண்டரைச் சங்கு ஊதாது. பாட்டு முடிந்ததும் ஃபியூஸைத் திரும்பச் செருகிவிடலாம். மாட்டினால் மூன்று பேருக்கும் வேலை போய்விடும்.

குழந்தைவேல்தான் நடுங்கினார். பெர்மனென்ட் ஆன நாளிலிருந்து யாரிடமும் ஒரு பேச்சு வாங்காத மனுஷர். லேத்தில் நிற்பவர் வாட்ச் கட்டக் கூடாது என்று சொன்னதால் சொந்தத்துக்கு ஒரு வாட்ச்கூட வாங்கிக்கொள்ளாதவர்.

"என்னை எதுலயும் இழுக்காதீங்கண்ணே. நான் எப்பவும்போல வந்து வாசிச்சிட்டுப் பூடறேன்" என்றார்.

வியாழக்கிழமை. சண்முகசுந்தரம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் காத்திருந்தார். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே பன்னீர்செல்வம் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார். சட்டைப்பையில் ஃபியூஸ்.

"சூப்பர்வைசர் இன்னிக்கு முன்னாடியே சாப்புடப் பூட்டாருண்ணே. இத வுட்டா வேற நேரம் கெடைக்காதுன்னு உருவிகினு வந்துட்டேன்."

"நம்ம நல்ல நேரம்" என்று சண்முகசுந்தரம் அதை வாங்கி டிரம்முக்குள் போட்டார். ஊர் முழுக்க நிசப்தம். அவருக்குக் கண் கலங்கியது.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு யாரோ லத்தியால் கதவைத் தட்டினார்கள். செக்யூரிட்டி இன்ஸ்பெக்டர் பரமசிவம். கையில் அந்த மனு.

"சங்கை என்ன செஞ்சீங்க?"

"நாங்க என்ன சார் செய்வோம்?"

"இந்த டவுன்ஷிப்புல சங்கு மேல பகை உள்ள ஒரே ஆள் நீங்கதான். எழுத்துலயே குடுத்திருக்கீங்க."

கோணிப்பையைத் தூக்கிப் பார்த்தார். ஹார்மோனியப் பெட்டியைத் திறந்து மூடினார். லத்தியால் டிரம்மை ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே ஏதோ கலகலத்தது.

"பழைய டிரம்முங்க. ஆணி கழண்டுகினு கெடக்குது" என்றார் பன்னீர்செல்வம்.

பரமசிவம் டேப் ரெக்கார்டரைத் தொட்டுப் பார்த்தார். சூடே இல்லை. ஸ்பூல் ஒரு சுற்றும் சுற்றியிருக்கவில்லை. கிதார் சுவரில் சாய்ந்திருந்தது. இரண்டு பேரும் பேயறைந்ததுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னிக்குப் பாடவே இல்லையா?"

"இல்ல சார்" என்றார் சண்முகசுந்தரம். அந்த ஒன்றுதான் அவர் அன்றைக்குச் சொன்ன உண்மை.

பரமசிவம் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு மனுவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. நீங்க நிறுத்தியிருந்தா கெடச்ச நேரத்துல இப்படிக் கையைக் கட்டிக்கிட்டா உக்காந்திருப்பீங்க? இந்நேரம் பாடித் தீர்த்திருப்பீங்களே."

அவர் போனதும் பன்னீர்செல்வம் குலதெய்வத்தைக் கும்பிட்டார். வேலை தப்பித்துவிட்டது. சண்முகசுந்தரத்துக்கோ வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு யாரோ வேறு ஃபியூஸைப் போட்டுச் சங்கை ஊத வைத்தார்கள்.

அது காதில் விழுந்ததும், பட்டறையில் குழந்தைவேல், 'அப்பாடா, ஒரு வழியாக மணி பன்னிரண்டாயிற்று' என்று லேத்தை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, பாட்டுப் பதிவுக்குச் சைக்கிளை எடுத்தார்.